ஆறு, இரண்டு, இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று: செண்பகம் துரைராஜன் வழக்கு

அரசமைப்புச் சட்டம் படிக்க வரும் முதலாண்டு மாணவர்கள் பெரும்பாலும் முகப்புரையில் தொடங்குகிறார்கள். அழகான வாசகம், இரண்டு நாளில் மனப்பாடம் ஆகிவிடும். ஆனால் இந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பது அதில் தெரியாது. அதற்கு ஒரு வழக்கை எடுத்து முழுக்க உரித்துப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் அதற்கு ஏற்ற வழக்கு ‘சென்னை மாநிலம் எதிர் செண்பகம் துரைராஜன்’. உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள் 1951 ஏப்ரல் 9. தீர்ப்பு மிகச் சிறியது, டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம். ஆனால் அடிப்படை உரிமை, நெறிமுறைக் கோட்பாடு, நீதிப்பேராணை (ரிட்), சட்டத்திருத்தம் என்று பாடத்திட்டத்தில் பாதி அதற்குள் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த வழக்கின் கதை எல்லோருக்கும் ஓரளவு தெரியும். கல்லூரி இடங்களையும் அரசு வேலைகளையும் சமூகவாரியாகப் பங்கிட்ட சென்னை அரசின் ஆணைதான் வகுப்புவாரி அரசாணை. ‘வகுப்புவாரி அரசாணையை நீதிமன்றம் அடித்தது, தமிழ்நாடு கொதித்தது, முதல் திருத்தம் வந்து இட ஒதுக்கீடு மீண்டது’ என்று மேடையில் மூன்று வரியில் சொல்லிவிடுவார்கள். முதல் இரண்டு வரிகள் சரி. மூன்றாவதில் ஒரு பிசகு இருக்கிறது. அடித்தது ஒன்று, வந்தது வேறொன்று. அந்த வித்தியாசம் பிடிபட்டால் பிரிவு 15, 16, 29 மூன்றும் பிடிபட்ட மாதிரி.

பதினான்கின் கணக்கு

1950-இல் சென்னை மாநிலம் இன்றைய தமிழ்நாடு மட்டும் கிடையாது. விசாகப்பட்டினத்தில் இருந்து மலபார் வரை நீண்டிருந்தது. அத்தனை பெரிய மாநிலத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரிகள் நான்கு, அவற்றில் மொத்தம் 330 இடங்கள். பொறியியல் கல்லூரிகளும் நான்கு, இடங்கள் 395.

மருத்துவ இடங்களை மட்டும் பார்ப்போம். 330-இல் 17 வெளி மாநில மாணவர்களுக்கு. 12 அரசு தன் விருப்பப்படி கொடுக்க. மீதி 301. இதை நான்கு மாவட்டத் தொகுதிகளுக்குப் பிரித்தார்கள். மாநிலத்துக்குரிய இடங்களில் குறைந்தது 20 விழுக்காடு பெண்களுக்கு என்றும் ஒரு விதி இருந்தது. இதற்கெல்லாம் பிறகு ஒவ்வொரு தொகுதியிலும் உள்ள இடங்களைப் பதினான்கு பதினான்காக எடுத்து இப்படி நிரப்பினார்கள்: பிராமணரல்லாத இந்துக்களுக்கு ஆறு, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு இரண்டு, பிராமணர்களுக்கு இரண்டு, ஹரிஜனங்களுக்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் சேர்த்து ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று. ‘ஹரிஜனங்கள்’ என்பது அரசாணையின் சொல், அப்படியே தருகிறேன்.

ஒரு காகிதத்தில் கூட்டிப் பாருங்கள், பதினான்கு வரும். பொதுப் போட்டி என்று ஓர் இடம்கூட மிச்சம் இல்லை. 301 இடங்களையும் இந்த விகிதத்தில் பிரித்தால் பிராமண மாணவர்களுக்குக் கிடைப்பது 43. மதிப்பெண்ணுக்கும் வேலை இருந்தது, ஆனால் அந்தந்தப் பெட்டிக்குள்தான். ஒரு பெட்டியில் இருப்பவர் இன்னொரு பெட்டியின் இடத்தைத் தொட முடியாது. இன்றைய இட ஒதுக்கீட்டுக்கும் இதற்கும் உள்ள முதல் வேறுபாடு இதுதான். இன்று 69 விழுக்காடு ஒதுக்கீடு என்றால் மீதி 31-க்கு யார் வேண்டுமானாலும் போட்டியிடலாம். அன்றைய ஏற்பாட்டில் எல்லோருக்கும் பங்கு உண்டு, பொது என்று எதுவும் கிடையாது. பிற்படுத்தப்பட்டோருக்குச் சலுகை என்பதைவிட, சமூகங்களுக்கு இடையே பாகப் பிரிவினை என்று சொன்னால் பொருந்தும்.

இதன் வேர் நீதிக்கட்சிக் காலத்தில் இருக்கிறது. அரசு வேலைகளுக்காக 1921-இல் முதல் ஆணை வந்தது. அமைச்சர் எஸ். முத்தையா முதலியார் காலத்தில்தான், 1920-களின் கடைசியில், அது நிஜமாக நடைமுறைக்கு வந்தது. அப்போது பன்னிரண்டின் கணக்கு, 1947-இல்தான் பதினான்கு ஆனது. அரசு அலுவலகங்களும் கல்லூரிகளும் ஒரே சமூகத்தின் கையில் குவிந்திருந்ததை உடைக்க வந்த ஆணை அது. அந்தப் பின்னணியை மறந்துவிட்டுத் தீர்ப்பை மட்டும் படித்தால், அரசு எதற்காக இந்தப் பதினான்கைக் கட்டிக்கொண்டு அழுதது என்று புரியாது.

1950 ஜனவரி 26-இல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் பிரிவு 13 இரண்டு பக்கமும் வெட்டும். அடிப்படை உரிமைகளோடு முரண்படும் பழைய சட்டங்கள் அந்த முரண்பாட்டின் அளவுக்குச் செல்லாது, புதிதாக அப்படிச் சட்டம் இயற்றவும் கூடாது. ‘சட்டம்’ என்ற சொல்லுக்குள் அரசின் ஆணைகளும் விதிகளும் அடக்கம். சென்னை அரசு ஜனவரி 26-க்குப் பிறகும் அதே பதினான்கைத் தொடர்ந்தது. மோதல் வர அதிக நாள் ஆகவில்லை.

விண்ணப்பமே போடாத மனுதாரர்

1950 ஜூன் 7 அன்று செண்பகம் துரைராஜன் சென்னை உயர் நீதிமன்றத்தில், நீதிப்பேராணை பிறப்பிக்க அதற்கு அதிகாரம் தரும் பிரிவு 226-இன்கீழ் மனு தாக்கல் செய்தார். பிரிவு 15(1) (சாதி, மதம் போன்றவற்றை வைத்து அரசு பாகுபாடு காட்டக் கூடாது), 29(2) (கல்லூரிச் சேர்க்கை பற்றியது) தரும் உரிமைகள் மீறப்படுவதாகவும், அரசாணையை அமல்படுத்தாமல் தடுக்க நீதிப்பேராணை வேண்டும் என்றும் கேட்டார். வகுப்பில் இந்த இடத்தில் நான் எப்போதும் ஒரு நிமிடம் நிறுத்துவது வழக்கம். அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்ததாக அவருடைய பிரமாணப் பத்திரத்திலேயே இல்லை! விசாரித்தபோது, பிராமணர் என்பதால் இடம் கிடைக்காது என்று தெரியவந்ததாக மட்டும் சொல்லியிருந்தார்.

இன்று ஒரு மாணவர் இப்படி ரிட் போட்டால் முதல் நாளே ‘உங்களுக்கு என்ன பாதிப்பு?’ என்ற கேள்வி வரும். அன்றைக்கு உயர் நீதிமன்றத்தில் அரசு அந்த ஆட்சேபத்தை எழுப்பவில்லை. அவர் ஜெயித்தால் கொடுக்க ஓர் இடத்தை ஒதுக்கி வைப்பதாகவும் ஒப்புக்கொண்டது. உச்ச நீதிமன்றம் இதைக் கவனித்தது. அரசே கேட்காததால் மேற்கொண்டு போகவில்லை என்று சொன்னது. கூடவே, விண்ணப்பிக்காமலே உரிமை போய்விட்டது என்று நீதிமன்றத்துக்கு வருவதைத் தாங்கள் ஏற்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் எழுதி வைத்தது. வழக்குத் தொடரும் தகுதி என்ற தலைப்பைத் தேர்வுக்குப் படிக்கும்போது இந்தப் பத்தியை நினைவில் வையுங்கள், பாடநூல்கள் இதை அநேகமாகத் தாண்டிப் போய்விடும்.

கூடவே வந்த இன்னொரு மனுவில் அந்தக் குறை இல்லை. சி.ஆர். சீனிவாசன் கிண்டி பொறியியல் கல்லூரிக்கு நிஜமாகவே விண்ணப்பித்திருந்தார். 450-க்கு 369 மதிப்பெண். தகுதி ஒன்றையே பார்த்திருந்தால் அவருக்கு இடம் கிடைத்திருக்கும் என்பதை மறுக்க யாரும் இல்லை. வழக்கின் பெயர் செண்பகத்தின் பெயரில் நின்றாலும், உண்மையில் அதன் முதுகெலும்பு சீனிவாசனின் 369 மதிப்பெண்தான். அவருக்காக உயர் நீதிமன்றத்தில் வாதாடியவர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், அரசமைப்புச் சட்டத்தின் வரைவுக்குழுவில் உறுப்பினராக இருந்தவர். சட்டத்தை எழுதிய கைகளில் ஒன்றே ஆறு மாதத்தில் அதை எடுத்துக்கொண்டு வழக்காட வந்தது.

தலைமை நீதிபதி பி.வி. ராஜமன்னார், நீதிபதிகள் விசுவநாத சாஸ்திரி, சோமசுந்தரம் அடங்கிய அமர்வு 1950 ஜூலை 27 அன்று மனுதாரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தெருவில் எதிர்ப்பு கிளம்பியது. பெரியாரின் திராவிடர் கழகம் போராட்டத்தில் இறங்கியது. அரசு மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றத்தில் ஏழு நீதிபதிகள் அமர்ந்தார்கள், தலைமை ஹரிலால் கானியா. தீர்ப்பை எழுதியவர் எஸ்.ஆர். தாஸ். ஏழு பேரும் ஒரே குரல்.

‘மட்டும்’

பிரிவு 29(2) சொல்வது இது: அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் கல்வி நிறுவனத்தில், மதம், இனம், சாதி, மொழி என்ற காரணங்களால் மட்டும் எந்தக் குடிமகனுக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது. அரசு அந்த ‘மட்டும்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது. பிராமணர் என்பதால் மட்டும் மறுக்கவில்லை, மூன்று காரணங்கள் சேர்ந்து வருகின்றன என்றது. ஒன்று, அவர் பிராமணர். இரண்டு, பிராமணர்களுக்குப் பதினான்கில் இரண்டுதான். மூன்று, அந்த இரண்டையும் அவரைவிட அதிக மதிப்பெண் வாங்கிய பிராமணர்கள் எடுத்துவிட்டார்கள்.

கெட்டிக்கார வாதம் என்றுதான் சொல்ல வேண்டும். நீதிமன்றம் அதை இரண்டாகப் பிளந்தது. பிராமணர்களுக்கான அந்த இரண்டு இடங்களைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம் என்றது. மீதிப் பன்னிரண்டைப் பாருங்கள், அவற்றில் ஒன்றுகூட சீனிவாசனுக்குத் தரப்படாததற்கு என்ன காரணம்? மதிப்பெண்ணா? மதிப்பெண்ணைப் பார்க்கும் கட்டமே அங்கே வரவில்லை. அந்தச் சமூகத்தில் பிறக்கவில்லை என்ற ஒரே காரணம்தான். ஆக, ‘மட்டும்’ என்ற சொல் அங்கே அரசுக்கு எதிராகத் திரும்பிவிட்டது.

இந்தப் பகுதியில் தீர்ப்பைக் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. பாகப் பிரிவினை என்ற அமைப்பில் பொது இடம் இல்லாத வரைக்கும், எழுதியிருக்கும் வாசகத்தை வைத்து வேறு முடிவுக்கு வருவது கடினம். பொது இடங்கள் பாதி இருந்து, மீதியில் ஒதுக்கீடு இருந்திருந்தால் இதே கேள்விக்கு விடை இவ்வளவு சுலபமாக வந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

எழுதாமல் விட்ட உட்பிரிவு

அரசின் இரண்டாவது வாதம் பிரிவு 46. நலிந்த பிரிவினரின், குறிப்பாகப் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் கல்வி, பொருளாதார நலன்களை அரசு தனிக் கவனத்தோடு வளர்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. அது நான்காம் பகுதியில், நெறிமுறைக் கோட்பாடுகளுக்குள் இருக்கிறது. அந்தப் பகுதியின் சாவி பிரிவு 37: இவற்றை நீதிமன்றம் மூலம் செயல்படுத்த முடியாது, ஆனாலும் நாட்டை ஆள்வதற்கு இவை அடிப்படை.

நீதிமன்றம் முதல் பாதியை எடுத்துக்கொண்டது. நீதிமன்றம் காக்கும் உரிமைக்கு முன்னால், நீதிமன்றம் கையில் எடுக்க முடியாத கோட்பாடு அடங்கித்தான் போக வேண்டும் என்றது. அடிப்படை உரிமைகளின் அத்தியாயம் புனிதமானது, கோட்பாடுகள் அதற்குத் துணையாக, கீழ்ப்பட்டு ஓட வேண்டும் என்பது அதன் சாரம். இங்கே நீதிமன்றம் தேவைக்கு மேல் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டது என்பது என் எண்ணம். 29(2)-ஐ வைத்தே வழக்கு முடிந்துவிட்டது. நான்காம் பகுதி முழுவதையும் வேலைக்காரன் இடத்தில் உட்கார வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிறகு 1980-இல் மினர்வா மில்ஸ் வழக்கில், அடிப்படை உரிமைகள் உள்ள மூன்றாம் பகுதிக்கும் நான்காம் பகுதிக்கும் இடையிலான சமநிலையே அரசமைப்பின் அடிப்படை அம்சம் என்று அதே நீதிமன்றம் சொன்னது.

மூன்றாவது காரணம்தான் மாணவர்கள் பென்சிலால் கோடு போட வேண்டிய இடம். வேலைவாய்ப்பு பற்றிய பிரிவு 16-க்கு நான்காவது உட்பிரிவு ஒன்று உண்டு. அரசுப் பணிகளில் போதிய பிரதிநிதித்துவம் இல்லாத பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு ஒதுக்கீடு செய்யலாம் என்கிறது. கல்லூரிச் சேர்க்கை பற்றிய 29-இல் அப்படி ஒன்று இல்லை. நீதிமன்றம் கேட்டது: பிரிவு 46 ஒன்றே போதும் என்றால் 16(4) எதற்கு? ஒரு வீட்டுக்குக் கதவு வைத்தவர்கள் பக்கத்து வீட்டுக்கு வைக்கவில்லை என்றால், வேண்டாம் என்றுதானே விட்டிருப்பார்கள்?

வேண்டாம் என்று விட்டதாகச் சொல்ல, அரசமைப்பை எழுதிய நிர்ணய சபையிலேயே ஒரு தடயமும் இருக்கிறது. இன்றைய பிரிவு 15 அப்போது வரைவில் 9. 1948 நவம்பர் 29 விவாதத்தில் கே.டி. ஷா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பெண்கள், குழந்தைகளுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்ற இடத்தில் பட்டியல் சாதியினரையும் பழங்குடிகளையும் சேர்க்கச் சொன்னார். எதிர்த்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அம்பேத்கர். அவருடைய பயம் வேறு: இந்த வாசகத்தைக் காட்டி, அந்தப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம் கட்டி ஒதுக்கி வைத்துவிட்டு, சிறப்பு ஏற்பாடு செய்தோம் என்று ஓர் அரசு சொல்லிவிடலாம். திருத்தம் தோற்றது. ஒதுக்கி வைப்பதைத் தடுக்க விட்ட இடைவெளி, இரண்டரை ஆண்டில் ஒதுக்கீட்டைத் தடுத்தது.

மௌனத்தை வைத்து வாதாடுவதில் ஒரு சிக்கல் உண்டு. 16(4) ஒரு விதிவிலக்கு என்று வைத்துக்கொண்டால்தான் இந்த வாதம் நிற்கும். 1975-இல் கேரள மாநிலம் எதிர் என்.எம். தாமஸ் வழக்கில், 16(4) விதிவிலக்கு கிடையாது, சமத்துவத்தையே விளக்கமாகச் சொல்லும் ஒரு முகம் என்ற பார்வை வலுப்பெற்றது. 1992-இல் இந்திரா சஹானி தீர்ப்பு, அதாவது மண்டல் வழக்கு, அதை உறுதிப்படுத்தியது. அப்படி என்றால் 29-இல் எழுதாமல் விட்டதற்குப் பெரிய அர்த்தம் எதுவும் இல்லை என்று ஆகிறது. செண்பகம் வழக்கு இன்று புதிதாக வந்தால் ‘மட்டும்’ பற்றிய பகுதி நிற்கும், மௌனம் பற்றிய பகுதி சாய்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

அதே நாள், அதே அரசாணை

1951 ஏப்ரல் 9 அன்று இன்னொரு தீர்ப்பும் வந்தது, ‘வெங்கடரமணா எதிர் சென்னை மாநிலம்’. மேடைக் கதையில் இதற்கு இடம் இல்லை, வகுப்பறையிலும் குறைவுதான். ஆனால் இது இல்லாமல் செண்பகம் வழக்கு பாதிதான்.

மாவட்ட முன்சீப் (கீழ்நிலை உரிமையியல் நீதிபதி) பதவிகள் 83 காலி. வகுப்புவாரிப் பங்கீட்டின்படி ஹரிஜனங்களுக்கு 19, முஸ்லிம்களுக்கு 5, கிறிஸ்தவர்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 10, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 32, பிராமணர்களுக்கு 11. இது வேலை சம்பந்தப்பட்டது, எனவே 16(4) உண்டு. நீதிமன்றம் பட்டியலை நடுவில் கோடு போட்டுப் பிரித்தது. ஹரிஜனங்களுக்கும் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கும் கொடுத்தது செல்லும், ஏனென்றால் அது பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான ஒதுக்கீடு. மற்றவர்களுக்கு, குறிப்பாக அந்த 32, சாதியை வைத்துப் பிரித்த பங்கு, எனவே செல்லாது.

அதாவது, அன்றைய நீதிமன்றம் ஒதுக்கீட்டையே வெறுத்தது என்பது சரியில்லை. அதே ஏழு பேர், அதே நாளில், வேலைக்கு ஒதுக்கீட்டைப் பாதி காப்பாற்றினார்கள், கல்லூரிக்கு முழுவதையும் தள்ளினார்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஓர் உட்பிரிவு.

திருத்தம் எதைக் கொண்டுவந்தது

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. 1951 ஜூன் 18-இல் முதல் திருத்தச் சட்டம் வந்தது, தீர்ப்புக்குப் பிறகு சரியாகப் பத்து வாரம். நேரு பிரதமர், அம்பேத்கர் சட்ட அமைச்சர். முதல் பொதுத் தேர்தல் இன்னும் நடக்கவில்லை, எனவே தற்காலிக நாடாளுமன்றமாக உட்கார்ந்திருந்தது பழைய நிர்ணய சபைதான். திருத்தத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன: ஜமீன் ஒழிப்பு வழக்குகள், பேச்சுரிமை வழக்குகள். பேச்சுரிமை வழக்குகளில் முக்கியமான ரொமேஷ் தாப்பர் வழக்கிலும் எதிர்த்தரப்பு சென்னை அரசுதான். புதிய அரசமைப்போடு அந்த அரசுக்கு என்ன ராசியோ தெரியவில்லை!

திருத்தம் பிரிவு 15-இல் நான்காவது உட்பிரிவைச் சேர்த்தது. சமூக ரீதியாகவும் கல்வி ரீதியாகவும் பிற்பட்ட வகுப்பினரின் முன்னேற்றத்துக்காகவோ, பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்காகவோ அரசு சிறப்பு ஏற்பாடு செய்வதை இந்தப் பிரிவோ 29(2)-ஓ தடுக்காது. இதை வெங்கடரமணா தீர்ப்புக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். முன்சீப் பட்டியலில் நீதிமன்றம் போட்ட அதே கோடுதான். வேலைக்கு இருந்த கதவைக் கல்லூரிக்கும் வைத்தார்கள், அவ்வளவுதான். பதினான்கின் பாகப் பிரிவினையை யாரும் மீட்கவில்லை. பிராமணரல்லாதார் என்பதற்காக ஆறு, பிராமணர் என்பதற்காக இரண்டு என்ற ஏற்பாட்டுக்கு 15(4)-இல் இடமே இல்லை. செண்பகம் தீர்ப்பின் ஒரு பாதியைத் திருத்தம் கவிழ்த்தது, மறு பாதியை அப்படியே விட்டது.

இனிச் சண்டை வேறு கேள்விக்கு மாறியது: யார் பிற்பட்டவர், எவ்வளவு? 1962-இல் பாலாஜி வழக்கு (மைசூர் மாநிலம்) சாதியை மட்டும் வைத்துப் பிற்பட்ட நிலையை அளக்கக் கூடாது என்றது, ஐம்பது விழுக்காடு என்ற வரம்பையும் சுட்டியது. 1968-இல் சென்னையில் இருந்தே போன பி. ராஜேந்திரன் வழக்கில், ஒரு சாதி முழுவதுமே சமூக, கல்வி நிலையில் பிற்பட்டிருந்தால் அதுவும் ஒரு வகுப்புதான் என்று நீதிமன்றம் ஏற்றது. தமிழ்நாட்டில் பிற்பட்டோர் ஒதுக்கீடு 1971-இல் 25-இல் இருந்து 31 ஆனது, 1980-இல் 50 ஆனது. இந்திரா சஹானி ஐம்பதைத் தாண்டாதே என்றதும், 69 விழுக்காட்டைக் காக்க மாநிலம் தனிச் சட்டம் இயற்றியது. 1994-இல் 76-ஆவது திருத்தம் அதை, அடிப்படை உரிமை மீறல் என்ற வழக்குகளில் இருந்து சட்டங்களைக் காக்க வைத்த ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது. அந்த அட்டவணையை உருவாக்கியதும் 1951-இன் அதே முதல் திருத்தம்தான்.

2007-இல் தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது, பழைய அரசாணையின் ‘முஸ்லிம்களுக்கு ஒன்று’ திரும்பிவிட்டதாகச் சிலருக்குத் தோன்றியது. சேர்க்கை விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தின் பெயரைப் பாருங்கள்: ‘பிற்படுத்தப்பட்ட வகுப்பு முஸ்லிம்’. 1947-இன் கட்டத்தில் ‘முஸ்லிம்’ என்று மட்டும்தான் இருந்தது.